கடைமடைக்கு எட்டும் மருந்து

இற்றை நாளிற் செய்தித்தாளை விரிப்பினும் கைப்பேசியைத் திறப்பினும், புற்றுநோயைத் தேடிச் சென்று அழிக்கும் அணுத்துணை இயந்திரங்களைப் பற்றிய செய்தியொன்று அடிக்கடி நம் கண்ணிற் படுகின்றது. கண்ணுக்குப் புலனாகாத சிறு பொறிகள் கூட்டங்கூட்டமாய் இரத்தத்தில் நீந்திச் சென்று, நோயுற்ற இடத்தைச் சூழ்ந்து, அங்கு மாத்திரம் மருந்தைச் சொரிந்து, மற்றை உறுப்புக்களுக்கு ஊறு செய்யாமல் மறைந்துவிடும் என்பது அச்செய்திகளின் சாரம். மேனாட்டார் இவற்றை மைக்ரோ ரோபோ என வழங்குவர். யான் இக்கட்டுரையில் நுண்பொறி என்னும் சொல்லையே ஆளுகின்றேன். ரோபோ என்றவுடன் கையுங் காலும் படைத்த உருவமொன்று மனத்தில் எழுந்து பொருளைக் கெடுத்துவிடுகின்றது. அச்செய்திகளில் 'வரும்' என்பதும் 'வந்துவிட்டது' என்பதும் வேறுபாடின்றி வழங்குதலே என்னை இதனை எழுதத் தூண்டியது.

சாஸ்திரம் பயிலும் மாணாக்கர் இத்தகைய செய்தியை வாசித்து, வியந்து, அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுவர். அவர்க்கு அதனால் இழப்பொன்றுமில்லை. ஆனால் மோகனூரில் மார்பிற் கட்டியொன்றைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, எவரிடமுஞ் சொல்லாமல் அஞ்சிக் கிடக்கும் ஒரு பெண் இருக்கின்றாளென வைத்துக்கொள்வோம். அவளுக்கு அதே செய்தி வேறு பொருள் தரும். கத்தியும் வேண்டா, கதிரும் வேண்டா, மயிரை உதிர்க்கும் மருந்தும் வேண்டா. இன்னுஞ் சில திங்கள் பொறுத்திருந்தால் நோவில்லாத சிகிச்சை வந்துவிடும் என அவள் எண்ணக்கூடும். அவள் பொறுத்திருக்கும் அத்திங்கள்களில் புற்று பொறுத்திராது. ஆதலின் இச்செய்தியை எவ்வளவிற்கு நம்பலாம் என ஆராய்தல் வெறும் பொழுதுபோக்கன்று.

முதற்கண், மருந்தைச் சுமந்து செல்ல ஒரு பொறி ஏன் வேண்டும் என்பதை அறிதல் வேண்டும். புற்றுநோய்க்கு நெடுங்காலமாய் வழங்கும் மருந்துகள் பல விரைந்து பெருகும் உயிரணுக்களைக் கொல்லும் இயல்பின. புற்றணு விரைந்து பெருகுகின்றது. ஆயின் மயிர்க்காலும், குடலின் உட்புறமும், இரத்தம் பிறக்கும் எலும்பு மஜ்ஜையும் அவ்வாறே பெருகுகின்றன. இதனால் நோய்க்கு இட்ட நஞ்சு நோயாளிக்கும் நஞ்சாகின்றது. டாக்ஸோரூபிஸின் என்னும் மருந்து அளவு மிஞ்சினால் இருதயத்தையே தாக்கும். நோயை மாத்திரம் தாக்கி உடலை விட்டுவிடும் மருந்தொன்று வேண்டுமெனப் பால் எர்லிக் என்னும் ஜெர்மானிய அறிஞர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கனாக் கண்டார். அக்கனவின் வழியே, டாக்ஸோரூபிஸினைக் கொழுப்பாலான நுண்குமிழிகளில் அடைத்துச் செலுத்தும் முறை 1995-இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. இருதயத்துக்கு விளையுந் தீங்கு அதனாற் குறைந்தது.

எனினும் குறி முழுதும் தைக்கவில்லை. 2016-இல் கானடா தேசத்து டொராண்டோ சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர், அதற்கு முந்திய 10 ஆண்டுகளில் வெளிவந்த ஆராய்ச்சிகளை ஒருங்கு திரட்டிக் கணக்கிட்டனர். ஊசி வழியே செலுத்திய மருந்துத் துகள்களிற் கட்டியைச் சென்று சேர்ந்தது, நடுநிலை அளவாக, 100-க்கு 0.7 மாத்திரமே. ஜேடர்பாளையத்திற் காவிரியிலிருந்து பிரியும் ராஜவாய்க்காலின் நீரை நம்பி, மோகனூர் வாய்க்கால் வரை வேளாண்மை செய்யும் எம்மவர்க்கு இக்கணக்கை விளக்க வேண்டுவதில்லை. தலைமடையில் 1,000 குடம் நீர் விட்டு, கடைமடையில் 7 குடம் வந்ததெனின், அவ்வாய்க்காலை என்னென்பது! எஞ்சிய துகள்களிற் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் இடையே மறித்து விழுங்கிவிடுகின்றன. இதுகாறும் நாம் செலுத்திய துகள்கள் யாவும் இரத்தம் இழுத்த இழுப்பிற் செல்வன; தாமாக ஓரடியும் எடுத்து வையாதன. தாமே நகரும் ஆற்றல் அவற்றுக்கு இருப்பின் என்ன என்ற வினாவிலிருந்தே நுண்பொறி பிறந்தது.

நகர்தல் எளிதன்று. அத்துணைச் சிறிய பொருளுக்கு நீர் நீராகத் தோன்றுவதில்லை. எங்கள் பக்கத்து ஆலைக் கொட்டகைகளிற் கரும்புச் சாறு காய்ந்து பாகாகித் திரளும் பதத்தைப் பார்த்தவர்கள், அக்கொப்பரையுள் ஒருவன் நீந்துவதாக நினைத்துக் கொள்க. கையை வீசி நிறுத்திய கணமே அவன் நின்றுவிடுவான். வீசிய வேகம் சிறிதும் அவனை முன்னே உந்தாது. கையை முன்னும் பின்னும் ஒரே விதமாய் அசைப்பானாயின், முன்னே சென்ற தொலைவு முழுதும் பின்னே வந்து சேர்வான். ஹார்வர்டு சர்வகலாசாலைப் பௌதிகப் பேராசிரியர் எட்வர்டு பர்செல் 1977-இல் வெளியான ஒரு கட்டுரையில் இவ்வுண்மையை அழகுற விளக்கினார். கிளிஞ்சலைப் போல் வாயைத் திறந்து மூடுதலொன்றே அறிந்த பிராணி, நுண்ணுருவம் எடுத்தால் இருந்த இடத்திலேயே இருக்கும் என்பது அவர் முடிபு. அவ்வுலகிற் பயன்படுவது திருகாணியின் நடை. மரத்திற் புகும் திருகாணி போலச் சுழன்றுகொண்டே செல்வது எதுவோ அது முன்னேறும். பாக்டீரியாக்கள் பல தம் வாலைச் சுழற்றி நீந்துவது இம்முறையிலேயே.

இக்கருத்தைக் கைப்பொருளாக்கியவருள் ஒருவர் நம் நாட்டினர். 2009-இல் அம்பரீஷ் கோஷ் என்பவரும் பியர் பிஷர் என்பவரும், ஹார்வர்டைச் சார்ந்த ரோலண்டு ஆராய்ச்சிக்கூடத்தில், கண்ணாடியின் இனமான சிலிக்காவால் நுண்ணிய திருகாணிகளைச் செய்தனர். அவற்றின் நீளம் ஏறக்குறைய 2 மைக்ரான்; மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்திலொரு கூறு. அவற்றின்மேற் கோபால்ட் உலோகத்தைப் பூசி, புறத்தே காந்தப் புலத்தைச் சுழற்றியபொழுது, திருகாணிகள் உடன்சுழன்று, விரும்பிய திசையில் விரும்பிய வண்ணம் சென்றன. பின்னர் கோஷ் அவர்கள் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்திற் பேராசிரியராய் அமர்ந்து இவ்வாராய்ச்சியைத் தொடர்ந்தார். 2014-இல் அவர் குழுவினர், இரத்தத்தின் உப்பு அரிக்காத காந்தப் பூச்சொன்றை அமைத்து, மனித இரத்தத்துளியில் அப்பொறிகளை நீந்தச் செய்தனர். 2022-இல், பல்லின் உள்ளே பதுங்கும் கிருமிகளைத் தேடிச் செல்லும் பொறிகளை, பிடுங்கியெடுத்த பற்களில் வைத்துச் சோதித்துக் காட்டினர். காவிரி நீர் வேண்டுமென்றும் தாரோமென்றும் அந்நகரத்தோடு நாம் வழக்காடுவது ஒருபுறமிருக்க, அங்கிருந்து வரும் இந்நீரோட்டத்தை நம் மாணாக்கர் அறியாதிருத்தல் தகாது.

அக்குழுவினரின் 2020-ஆம் ஆண்டு ஆராய்ச்சியே என் மனத்தை மிகவுங் கவர்ந்தது. மார்பகப் புற்றணுக்களையும் நல்ல அணுக்களையும் சோதனைச்சாலையில் அடுத்தடுத்து வளர்த்து, அவற்றினிடையே பொறிகளைச் செலுத்தினர். புற்றணுவின் அண்டையிற் பொறிகள் பசையில் அகப்பட்டாற் போல ஒட்டிக்கொண்டன. நல்ல அணுவின் அண்டையில் அத்துணை ஒட்டவில்லை. புற்றணு தன்னைச் சூழ்ந்த பொருளைத் தனக்கு ஏற்ப மாற்றிவிடுகின்றதென்றும், அதிலுள்ள சியாலிக் அமிலம் என்னும் ஒருவகைச் சர்க்கரைப் பொருளே பொறியைப் பிடித்து நிறுத்தியதென்றும் கண்டனர். நீந்துவதற்கெனச் செய்த கருவி நீந்த முடியாமல் நின்ற இடமே நோயின் இடத்தைக் காட்டிற்று! இது மருந்தைக் கொண்டு சென்றதன்று. நோயாளி எவருடைய உடலுள்ளும் நிகழ்ந்ததுமன்று. ஆயினும் ஆரவாரத்துடன் வெளியாகும் செய்திகள் பலவற்றினும் இது எனக்குப் பெரிதாய்த் தோன்றுகின்றது.

இனி, திரள் என்பது எற்றுக்கு? ஒரு பொறி சுமக்கும் மருந்து மிக அற்பம். ஒற்றைப் பொறியை உடலுக்கு வெளியிலிருந்து எக்கருவியாலும் காண்டல் அரிது; பல்லாயிரம் ஒன்றுகூடின் ஒலியலைக் கருவியில் அது நிழலாய்த் தெரியும். இவ்விரண்டு காரணத்தாலேயே கூட்டமாய்ச் செலுத்த வேண்டியதாயிற்று. பத்திரிகைகள் எழுதுவது போல அவை தேனீக்களைப் போற் கலந்தாலோசித்துத் தொழில் செய்வன அல்ல. காந்தப் புலம் யாவற்றுக்கும் பொது. 'நீ இங்கே போ, நீ அங்கே நில்' என்று தனித்தனியே கட்டளையிட இயலாது. அறுவடையான வயல்களில் வாத்துக் கூட்டத்தை ஒரே கோலால் ஓட்டிச் செல்பவனை நாம் பார்த்திருக்கின்றோம். அவனுடைய தொழிலே இது. ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்து லீ ஜாங் என்பவரின் குழுவினர், காந்தத் துகள்களின் திரளை நாடாப் போல நீட்டவும் குறுக்கவும் பிரிக்கவும் சேர்க்கவும் வல்ல முறையை 2018-இல் வெளியிட்டனர். கோலெடுத்த அவ்வாத்துக்காரனும் இதனை மெச்சுவான்.

இவ்விடத்திற் செய்தித்தாள்கள் சொல்லாது விடும் ஒரு கணக்கைச் சொல்ல விரும்புகின்றேன். 2009-இற் செய்த திருகாணிகள் வினாடிக்கு ஏறக்குறைய 40 மைக்ரான் தொலைவு சென்றன. நம் உடலின் மிக நுண்ணிய இரத்தக் குழாய்களில், இரத்தம் மெல்லச் செல்லும் இடத்திலேயே, அதன் வேகம் வினாடிக்குப் பல நூறு மைக்ரான். பெரிய நாடிகளிலோ சொல்ல வேண்டுவதில்லை. ஆடிப் பெருக்கிற் காவிரியில் விட்ட கெண்டைக்குஞ்சு மேட்டூரை நோக்கி நீந்தினால் எப்படியோ அப்படி. கையிற் குத்திய ஊசியிலிருந்து புறப்பட்டு ஈரலிலுள்ள கட்டிவரை இவை தாமே நீந்திச் செல்லும் என்பது கதை. நீண்ட மெல்லிய குழாயால் நோயின் அண்டைவரை கொண்டுபோய் விட்டால், இறுதித் தொலைவை இவை கடக்கக்கூடும் என்பதே மெய். அவ்விறுதித் தொலைவு சிறிதாயினும் அற்பமன்று. கட்டியின் உட்புறம் இரத்தக் குழாய் செவ்வே அமையாதது, நெருக்கமானது, பிராணவாயு குன்றியது. மிதந்து வந்த மருந்து அங்கே கரையோடு நின்றுவிடும். 2016-இல் மாண்ட்ரியல் நகரத்து சில்வேன் மார்ட்டெல் குழுவினர், காந்தத்துக்கு இணங்கிப் பிராணவாயு குன்றிய இடத்தை நாடிச் செல்லும் ஒருவகைப் பாக்டீரியாவின்மேல் மருந்துக் குமிழிகளை ஏற்றி, சுண்டெலிகளின் கட்டியருகே விட்டனர். அவற்றுள் 100-க்கு 55 வரை கட்டியின் பிராணவாயு குன்றிய உட்பகுதியை அடைந்தன. முன்னே சொன்ன 0.7 என்னும் தொகையை இதனோடு அப்படியே ஒப்பிட்டுவிடலாகாது. ஒன்று தலைமடையில் விட்ட நீர், மற்றொன்று வயல் வரப்பிலேயே விட்ட நீர். ஆனாலும் நம்பிக்கை கொள்ள இடமுண்டு.

2024-இல் பார்சிலோனா நகரத்து ஆராய்ச்சியாளர், மூத்திரப்பையிற் புற்றுடைய சுண்டெலிகளுக்கு ஒரே வேளை மருந்தளித்துக் கட்டியின் அளவை 100-க்கு 90 பங்கு குறைத்தனர் என்ற செய்தி உலகெங்கும் பரவிற்று. செய்தி மெய்யே. அப்பொறிகளுக்குக் காந்தம் வேண்டா. மூத்திரத்திலுள்ள யூரியாவை ஒரு நொதிப்பொருளாற் சிதைத்து, அதையே உந்துவிசையாய்க் கொண்டு நகர்வன. கதிர்வீசும் அயோடினைச் சுமந்தன. அவர்கள் தேர்ந்த இடம் ஒரு பை என்பதைக் கவனிக்க. அங்கே அடித்துச் செல்லும் ஓட்டமில்லை. சிறு குழாயால் நேரே உட்செலுத்தலாம். பொறிக்கு வேண்டிய உணவும் அங்கேயே உளது. இது குறையன்று, வெல்லத்தக்க களத்தைத் தேர்ந்தது அவர் அறிவுடைமை. அந்த 90-ஐக் கேட்டு, எல்லாப் புற்றும் 90 பங்கு தீர்ந்ததாக எண்ணுதலே பிழை. அதே ஆண்டில் அமெரிக்காவின் சான் டியாகோ சர்வகலாசாலையார், நீந்தும் நுண்பாசிகளின்மேல் டாக்ஸோரூபிஸின் துகள்களை ஏற்றி, நுரையீரலிற் புற்றுப் பரவிய சுண்டெலிகளின் மூச்சுக்குழல் வழியே விட்டனர். மருந்து பெறாத எலிகள் நடுநிலை அளவில் 27 நாள் வாழ, இவை 37 நாள் வாழ்ந்தன. 10 நாள்! எலிக்கு அது நீண்ட காலமே. எனினும் தலைப்பில் 'புற்றை வெல்லும் பாசி' என்றெழுதுவோர் இவ்விரண்டு தொகையையும் அடியிலேனும் அச்சிடுதல் கடன். 2025-இல் சூரிக் நகரத்தார் காந்தத்தால் நடத்தும் மருந்துருண்டையைப் பன்றியின் உடலிலும் ஆட்டின் உடலிலும் செலுத்திக் காட்டினர். அவர்கள் முதற்கண் நாடியது இரத்தக்கட்டியைக் கரைத்தலை. புற்றுநோயாளருக்கு நீந்தும் நுண்பொறித் திரளைக் கொடுத்துக் குணப்படுத்தும் சிகிச்சை இன்று எந்த வைத்தியசாலையிலும் வழக்கத்தில் இல்லை. நம்மூர்ப் பெண்ணுக்கு எவரேனும் எடுத்துச் சொல்ல வேண்டிய முதற் செய்தி இதுவே.

சொல்ல வேண்டிய இரண்டாவது செய்தியும் உண்டு. மருந்தின் வழி ஊசிமுனையில் தொடங்குவதாக ஆராய்ச்சிக்கூடத்தார் கணக்கிடுகின்றனர். அது அவர் தொழிலுக்குப் போதும். நோயாளியின் கணக்கில் அவ்வழி வீட்டு வாயிலில் தொடங்குகின்றது. மோகனூரிலிருந்து நாமக்கல்லுக்கும், பின்னர் சேலத்துக்கோ ஈரோட்டுக்கோ திருச்சிக்கோ சென்னைக்கோ செல்ல வேண்டும். அன்றைக் கூலியை இழக்க வேண்டும். உடன்வர ஓர் ஆள் வேண்டும். அதற்கெல்லாம் முன்பு, வாய் திறந்து சொல்ல நாணமில்லாதிருக்க வேண்டும். இவ்வழியில் இறைந்துபோகும் நீருக்கு அளவு யார் வைத்தார்?

ஒரு பகுதிக்கு அளவு வைத்தவர் உளர். காவிரியைக் கடந்து வாங்கல் வழியே கரூர் சென்று, அங்கிருந்து தெற்கே போனால் திண்டுக்கல் ஜில்லா. அங்கே அம்பிளிக்கைக் கிறிஸ்தவ ஐக்கிய வைத்திய நிலையத்தாரும் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தாரும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஒன்றுகூடி, 2000-ஆம் ஆண்டு முதற்கொண்டு ஒரு பெருஞ் சோதனையை நடத்தினர். 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களின் கருப்பை வாயில், காடியிலுள்ள அதே அசெடிக் அமிலத்தை நீர்க்கச் செய்து தடவினர். வெண்மையாய் மாறும் இடம் ஐயத்துக்குரியது. அதனைக் குளிரூட்டி அழித்தனர். பயிற்சி பெற்ற செவிலியரே இதனைச் செய்தனர். 2007-இல் முடிவு வெளியாயிற்று. சோதனை நடந்த கிராமங்களில், நடவாத கிராமங்களை நோக்கக் கருப்பைவாய்ப் புற்று 100-க்கு 25 பங்கும், அதனால் நேர்ந்த மரணம் 35 பங்கும் குறைந்திருந்தன. எலியன்று; நம் அக்கா தங்கையர். பொறியன்று, பஞ்சும் அமிலமும்.

இதிலும் ஒரு தொகை என்னை உறங்கவிடவில்லை. அழைக்கத் தகுந்த பெண்கள் 49,311 பேர். வந்து சோதித்துக்கொண்டவர் 31,343 பேர். செலவின்றி, ஊருக்கே கொண்டுவந்த சோதனைக்கு, மூவரில் ஒருவருக்குமேல் வரவில்லை. இக்கடைமடையைத் திருகாணி எதுவும் எட்டாது.

இதைக் கேட்டவுடன், அங்ஙனமாயின் ஏழை நாட்டுக்கு நுண்பொறி ஆராய்ச்சி எதற்கு, அப்பணத்தைக் கிராமச் சோதனைக்கே செலவிடலாமே என்பார் சிலர். யான் அக்கட்சியினன் அல்லேன். முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரிலிருந்து பிறந்த முயற்சியால், 1954-இல் அடையாற்றில் 12 படுக்கையோடு வைத்தியசாலை திறந்தார். நாடு பசியாலும் காசத்தாலும் வாடிய காலம் அது. அத்தனைச் சிறிய நிலையத்தில் 1957-இலேயே கோபால்ட் கதிர் இயந்திரம் வைக்கப்பட்டது. அன்று 'ஏழைக்கு எதற்கு' என்று நின்றிருப்பின், பின்னாளில் அம்பிளிக்கைச் சோதனைக்குத் துணைநிற்க அடையாற்றில் ஒரு நிலையம் இருந்திராது. உயர்ந்த கருவியையும் பஞ்சையும் கையாண்டது ஒரே நிலையம் என்பதை மறவாதிருப்போமாக. மேலும், எல்லாப் புற்றும் பஞ்சால் தடவிக் காண்பதற்கு எளிய இடத்தில் தோன்றுவதில்லை. கணையத்திலும் மூளையிலும் தோன்றுவதற்கு இன்று நாம் சொல்லும் மறுமொழி மிகக் குறைவு.

ஆனால் ஆராய்ச்சியாளரிடம் ஒன்று கேட்க நமக்கு உரிமையுண்டு. உங்கள் பொறியை நடத்தும் காந்தச் சுருள் நோயாளியின் உடலைச் சூழுமளவு பெரிதாயின், அதை எந்த ஊரில் வைப்பீர்? கதிர்வீசும் அயோடின் வேண்டுமாயின், அதைக் கையாள உரிமை பெற்ற நிலையங்கள் எத்தனை? பொறி செய்யும் கட்டத்திலேயே இவ்வினாவை எழுப்பாவிடின், கட்டியின் கடைமடையை எட்டிய மருந்து, ஜில்லாவின் கடைமடையை எட்டாது நின்றுவிடும். பெங்களூரிலும் சென்னையிலும் இத்துறையில் நுழையவிருக்கும் நம் கலாசாலை மாணாக்கர், மேனாட்டு ஆசிரியர் கேளாத இவ்வினாவை உடன்கொண்டு செல்வாராயின், அது அவர் மோகனூர் போன்ற ஊர்களிற் பிறந்ததன் பயனாகும்.

நமது பௌதிகச் சாலையாருக்கும் ஒரு விண்ணப்பம். செப்புக் கம்பியைத் திருகாணி போல் வளைத்து, அதன் ஒரு முனையிற் சிறு காந்தத் துண்டைக் குறுக்கே ஒட்டி, கிளிசரின் நிறைந்த நீண்ட கண்ணாடித் தொட்டியில் இட்டு, புறத்தே வேறொரு காந்தத்தைச் சுழற்றினால், பர்செல் சொன்னதும் கோஷ் செய்ததும் கண்ணெதிரே விளங்கும். செலவு சில நூறு ரூபாய்க்குள் அடங்கும். விடுமுறையிற் கிராம சேவைக்குச் செல்லும் மாணவர் அத்தொட்டியையும் எடுத்துச் செல்லலாம். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும்; 'இது எப்பொழுது ஆஸ்பத்திரிக்கு வரும்?' என்று எவரேனும் கேட்பர். 'இன்னும் எலியளவிலேதான் இருக்கின்றது' என்று மறைக்காமற் சொல்லிவிட்டு, நாமக்கல்லில் மார்பையும் கருப்பை வாயையும் வாயையும் சோதிக்கும் இடம் எது, எந்தக் கிழமையிற் செல்லலாம், காலைப் பேருந்து எத்தனை மணிக்கு என்பவற்றை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கூட்டத்திலுள்ள பெண்களின் கையிற் கொடுத்துவிட்டு வருக.